கண்டெடுத்ததும் பொறுக்கியதும்

கீழே கிடக்கிற ஒரு பொருளை ராஜாவோ, ஆய்வாளரோ, ஓவியரோ எடுத்தால் தமிழில் அது 'கண்டெடுத்தல்'. அதையே சாக்குப்பையோடு வருகிற ஒருவர் எடுத்தால் 'பொறுக்குதல்'. குனிவது இரண்டு பேரும்தான். கண்டெடுத்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. பொறுக்கியவருக்கு 'பொறுக்கி' என்கிற வசை. கழித்துப் போட்ட பொருட்களிலிருந்து கலை செய்வதன் வரலாற்றை மதுரையில் நின்றுகொண்டு வாசிப்பதென்றால், இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் இடையிலான தூரத்தைத்தான் முதலில் அளக்க வேண்டியிருக்கிறது.

பாடப்புத்தக வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். 1912இல் பிக்காஸோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை ஓவியத்தில் ஒட்டிச் சுற்றிலும் கயிறு கட்டினார். 1917இல் துஷாம்ப் ஒரு சிறுநீர்க் கோப்பையைக் கண்காட்சிக்கு அனுப்பினார். 1942இல் சைக்கிள் சீட்டும் ஹேண்டில்பாரும் சேர்ந்து பிக்காஸோ கையில் காளைத் தலை ஆயிற்று. 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 'அசெம்ப்ளேஜ்' கலைக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. இந்தக் கதையாடலின் மையம் கலைஞனின் 'பார்வை'. அவன் பார்த்தான், குப்பை கலையாயிற்று. அவனுக்கு முன்னால் அந்தப் பொருளைப் பார்த்தவர்கள், தொட்டவர்கள், தரம் பிரித்தவர்கள் யாரும் இந்தக் கதையில் கிடையாது.

மதுரைக் கதைகளிலும் இதே விடுபடல் உண்டு. திருமலை நாயக்கர் (1623–1659) மஹாலுக்குச் செங்கல் அறுக்க வண்டியூர்ப் பக்கம் மண் தோண்டியபோது ஒரு பிள்ளையார் கிடைத்தார் என்பது ஊர் வழக்கு. தோண்டிய பள்ளம் தெப்பக்குளம் ஆயிற்று. பிள்ளையார் மீனாட்சி கோயிலுக்குள் முக்குறுணி விநாயகர் ஆனார். சதுர்த்திக்குச் சதுர்த்தி 18 படி அரிசியில் கொழுக்கட்டை. மண்வெட்டி யார் கையில் இருந்தது என்று கதை சொல்வதில்லை. பிறகு நாயக்கரின் பேரன் சொக்கநாதர் அந்த மஹாலின் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். அதற்குக் காரணம் 'தலைநகர் மாற்றம்'. எஞ்சியதை 1866க்கும் 1872க்கும் இடையில் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார், அது 'புனரமைப்பு'. இடைப்பட்ட காலத்தில் விழுந்து கிடந்த ஒரு கல்லை ஊர்க்காரன் ஒருவன் உருட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசற்படியாகப் போட்டிருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? சொல்லத் தேவையில்லை.

மதுரைக்குத் தென்கிழக்கே கீழடி. 2015இல் மத்திய தொல்லியல் துறை தோண்டத் தொடங்கி, பிறகு மாநிலத் துறை தொடர்ந்து, 2023இல் அருங்காட்சியகமும் வந்துவிட்டது. அங்கே கிடைத்த தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளை வைத்து எவ்வளவு வாதம், எவ்வளவு அரசியல்! அதே குழிகளில் நூற்றுக்கணக்கில் கிடைத்த இன்னொரு ஓட்டைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. உடைந்த பானையின் ஒரு துண்டை எடுத்து, ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லு. பாண்டி ஆடுகிற பிள்ளைகள் கையில் நேற்றுவரை இருந்த அதே சில்லுதான். பானை உடைந்ததும் அதன் பயன் முடிந்தது. யாரோ ஒரு கை அதைக் குப்பையிலிருந்து பொறுக்கி, வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கல்லில் தேய்த்து, வேறொன்றாக ஆக்கியிருக்கிறது. இந்தச் சமவெளியில் கழிபொருளிலிருந்து ஆக்கப்பட்டவற்றுள் நம் கைக்குக் கிடைத்திருக்கிற பழைய சான்றுகளில் ஒன்று இது எனலாம். எழுத்து இல்லாததால் அது 'பண்பாட்டுப் பெருமை' ஆகவில்லை; விளையாட்டுச் சாமான் என்று அட்டவணையில் நின்றுவிட்டது. சோளக்கொல்லைப் பொம்மைக்கு அட்டவணைகூடக் கிடையாது. கவிழ்த்த சட்டி, சுண்ணாம்புப் புள்ளி, கிழிந்த சட்டை, வைக்கோல்: 'மிக்ஸ்டு மீடியா' என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டுமா? வெள்ளாமை முடிந்ததும் அது காட்டிலேயே மட்கிப்போகும். செய்தவர் கையெழுத்துப் போடுவதுமில்லை.

ஒரு வினைச்சொல் இன்னொன்றாக மாறும் தருணமும் வரலாற்றில் உண்டு. சண்டிகரில் நேக் சந்த் என்கிற சாலை ஆய்வாளர், புது நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளையும் உடைந்த வளையல், பீங்கானையும் பொறுக்கி, அரசு நிலத்தில் ஆண்டுக்கணக்காக ரகசியமாகச் சிலைகள் செய்தார். அதிகாரிகள் கண்ணில் பட்டபோது அது ஆக்கிரமிப்பு. 1976இல் திறப்பு விழா நடந்ததும் அது 'பாறைத் தோட்டம்'. பொருள் அதேதான், கையும் அதேதான். மாறியது அரசாங்கத்தின் வினைச்சொல் மட்டுமே.

விவான் சுந்தரம் (1943–2023) இந்தச் சிக்கலை அறிந்தவர். தில்லியில் குப்பை சேகரிப்போரோடு சேர்ந்து வேலை செய்தே 'ட்ராஷ்' வரிசையை உருவாக்கினார். 2012இல் கொச்சி பினாலேவுக்காக, கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் ஒதுக்கப்பட்ட பானை ஓடுகளைக் கொண்டு ஒரு நகரத்தையே தரையில் பரப்பினார். ஆனாலும் காட்சிக்கூடத்துச் சுவரில் ஒரு பெயர்தான் பெரிதாக நிற்கிறது. இது அவருடைய குற்றமல்ல. கலை என்கிற நிறுவனம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

வேறொரு வழியும் இருக்கிறது. 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் — 1981இல் எரிக்கப்பட்ட அதே நூலகத்தில் — தா. சனாதனன் ஒரு 'இன்ஸ்டலேஷன்' வைத்தார். அதில் இருந்தவை யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து வந்த பொருட்கள். போரையும் இடப்பெயர்வையும் தாண்டி மிஞ்சியவை. அவற்றைக் கண்டெடுத்தார் என்றும் சொல்ல முடியாது, பொறுக்கினார் என்றும் சொல்ல முடியாது. வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள். இங்கே எது மதிப்புள்ளது என்ற தேர்வு, கலைஞர் வருவதற்கு முன்பே வீடுகளில் நடந்து முடிந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் வைகை வடகரையில் ஒரு காயலான் கடை நினைவுக்கு வருகிறது. ஓவிய நண்பர் ஒருவர் அங்கே பழைய தையல் மெஷின் சக்கரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கடைக்காரர், "எதுக்குண்ணே இது?" என்றார். "சிலை செய்ய." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், உள்ளே போய்த் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பித்தளைக் கைப்பிடியை எடுத்து வந்தார். "இதப் பாருங்க. வந்து ரெண்டு வருசமாச்சு. எடைக்குப் போட மனசு வரலண்ணே." நண்பர் விலை கேட்டார். அவர் தரவில்லை. காட்டத்தான் கொண்டுவந்திருக்கிறார்.

பொறுக்குதல் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதை நாம் சௌகரியமாக மறந்துவிட்டோம். முறத்து அரிசியில் கல் பொறுக்குகிறோம். நல்ல விதையாகப் பொறுக்கி எடுக்கிறோம். அதாவது பார்த்து, பிரித்து, தேர்ந்தெடுப்பது. அழகியல் என்று புத்தகங்கள் சொல்கிற காரியமே இதுதான். வசையாக்கிய சொல்லுக்குள் இது பத்திரமாக இருக்கிறது. மதுரைக்கு ஒரு கலை வரலாறு எழுதுகிறவர்கள் மஹாலின் தூண்களிலிருந்து தொடங்கட்டும், தப்பில்லை. சில்லைத் தேய்த்த கையையும், பித்தளைக் கைப்பிடியைத் துணியில் சுற்றி வைத்த கையையும் விட்டுவிட்டு எழுதினால், அதுவும் மண்வெட்டி பிடித்தவரைச் சொல்லாமல் விட்ட பிள்ளையார் கதையாகத்தான் முடியும்.