ரயில் பெட்டி செய்த விமானத் தொழிற்சாலை



போன வாரம் பெங்களூரு போய் விமான அருங்காட்சியகம் பார்த்து வந்தேன் என்று சொன்னதும், "தனியாகவா போனீங்க டீச்சர்?" என்று மாணவர்களும், "இந்த வயசுல எதுக்கு அத்தை?" என்று வீட்டுப் பிள்ளைகளும் கேட்டீர்கள். தனியாகப் போனால் ஒரு படத்தின் முன்னால் அரை மணி நேரம் நிற்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அப்படி நின்று தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதல் நாள் மாலையே புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் சென்னை போய் உறவினர் வீட்டில் தங்கினேன். விடியற்காலை சென்ட்ரலில் வந்தே பாரத் ரயில் ஏறினேன். சென்னையிலிருந்து பெங்களூரு வழியாக மைசூரு போகும் வண்டி இது. 2022 நவம்பரில் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் இதுதான். ஏறிய சில நிமிடங்களில் பெரம்பூர் வந்துவிடும். நான் உட்கார்ந்திருந்த வந்தே பாரத் வகை வண்டி முதன்முதலில் உருவானது அங்கேதான், ஐ.சி.எஃப். எனப்படும் ரயில் பெட்டித் தொழிற்சாலையில். அது 1955-இல் பிரதமர் நேரு திறந்து வைத்தது. தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு பெட்டிகள் செய்தார்கள்.

நம் புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879-இல். விழுப்புரத்திலிருந்து போட்ட மீட்டர் கேஜ் பாதை. பிரெஞ்சுக்காரர் ஊருக்கு ஆங்கிலேயர் பகுதியிலிருந்து வந்த ரயில். பாதை போட மண் சுமந்தவர்கள் நம் மக்கள். எஞ்சின் வந்தது கப்பலில். ஓட்டத் தெரிந்துகொண்டோம், பழுது பார்க்கத் தெரிந்துகொண்டோம். புதிதாகச் செய்யும் வேலை மட்டும் வெகுகாலம் நம் கைக்கு வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் கதையும் இதேதான்.

பெங்களூரு நிலையத்தில் இறங்கி மெட்ரோவில் பையப்பனஹள்ளி வரை போனேன். அங்கிருந்து ஆட்டோ. போகிற வழியில் ஒரு பெரிய சாலைக்கு சுரஞ்சன் தாஸ் சாலை என்று பெயர். அந்தச் சாலையில் தினமும் போய்வரும் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எச்.ஏ.எல். அருங்காட்சியகம் 2001-இல் திறக்கப்பட்டது. ஒரு கூடத்தில் 1940 முதல் பத்தாண்டு பத்தாண்டாகப் புகைப்படங்கள். இன்னொன்றில் எஞ்சின்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிய எஞ்சினை வெட்டித் திறந்தே வைத்திருக்கிறார்கள். வெளியே மரத்தடியில் உண்மையான விமானங்கள் நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து விமானத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். புகைப்படக் கூடத்தில் அவ்வளவாகக் கூட்டமில்லை. எனக்கு வேண்டியது அங்கேதான் இருந்தது.

1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் என்ற தொழிலதிபர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம் அமைத்தவரும் இவரே. மைசூர் சமஸ்தானம் நிலம் கொடுத்தது, பங்குப் பணமும் போட்டது. வில்லியம் பாலி என்ற அமெரிக்கர் இயந்திரங்களுக்கும் நிபுணர்களுக்கும் ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டே, 1941-இல், ஹார்லோ என்ற சிறிய பயிற்சி விமானத்தை இங்கே பூட்டிப் பறக்கவிட்டார்கள். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. பூட்டிய கைகள் நம்முடையவை.

பிறகு ஜப்பான் போரில் இறங்கியது. பர்மா விழுந்தது. 1942-இல் ஆங்கிலேய அரசு வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டது. 1943-இல் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பொறுப்புக்குப் போனது. புதிய விமானம் செய்யும் கனவு நின்றது. அடிபட்டு வந்த போர் விமானங்களைச் சரிசெய்து அனுப்புவதே வேலை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அந்த மூன்று ஆண்டுகளில் தகடு வெட்டவும் ரிவெட் அடிக்கவும் எஞ்சின் பிரித்துப் பூட்டவும் பழகினார்கள்.

1945-இல் போர் முடிந்தது. அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். இப்போது ஒரு கேள்வி. வகுப்பில் கேட்பதுபோலவே கேட்கிறேன்: கைத்திறன் கற்ற இத்தனை பேர் இருக்கிறார்கள், செய்ய விமானம் இல்லை. என்ன செய்வது?

பூட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். பல நாடுகளில் அதுதான் நடந்தது. இங்கே அப்படிச் செய்யவில்லை. ரயில் பெட்டி செய்தார்கள்! முழுவதும் உலோகத்தால் ஆன மூன்றாம் வகுப்புப் பெட்டிகள். பஸ்களுக்குக் கூடு கட்டினார்கள். அதுவரை மரப்பெட்டிகள்தான் அதிகம். விபத்தில் நொறுங்கும், தீப்பிடித்தால் எரிந்துவிடும். விமானத்தின் உடலைத் தகட்டால் கட்டத் தெரிந்தவர்களுக்கு ரயில் பெட்டி கட்டுவது பெரிய வித்தையாக இருந்திருக்காது. அந்தக் காலத்தில் மூன்றாம் வகுப்பில் போன நம் தாத்தா பாட்டிகளில் சிலர், விமானத் தொழிலாளி அடித்த ரிவெட்டுக்குள் உட்கார்ந்து பயணம் போயிருப்பார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். போர் முடிந்ததும் லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் கைவிட்டிருந்தார்கள். வேறு யாரும் பயன்படுத்தக் கூடாதென்று அவற்றைச் சேதப்படுத்தி, குப்பைபோலப் போட்டிருந்தார்கள். பெங்களூரு தொழிலாளர்கள் ஒன்றின் பாகத்தை எடுத்து இன்னொன்றில் பூட்டி, பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுமையாகச் செப்பனிட்டார்கள். இப்படி 40-க்கும் மேற்பட்ட விமானங்கள் மீண்டன. 1948 முதல் இந்திய விமானப்படையின் கனரக குண்டுவீச்சுப் பிரிவே இவற்றால்தான் உருவானது. 1960-களின் கடைசி வரை பறந்தன. சுதந்திர நாட்டின் பலம் ஒரு குப்பைமேட்டிலிருந்து எழுந்தது என்றால் மிகையில்லை.

இப்படிக் கையை ஓயவிடாமல் வைத்திருந்ததால்தான் அடுத்த படி ஏற முடிந்தது. வி.எம். காட்கே என்ற அறிவியலாளர், ஜெர்மனியில் லுட்விக் பிராண்டலிடம் படித்தவர், எச்.டி.-2 என்ற பயிற்சி விமானத்தை வடிவமைத்தார். 1951-இல் பறந்தது. பறக்கவிட்டவர் அதே முன்ஷி. நம் நாட்டிலேயே வரைந்து, நம் நாட்டிலேயே செய்த விமானம். நம் விமானிகள் பல ஆண்டுகள் இதில்தான் பறக்கக் கற்றார்கள். கானா நாட்டுக்கும் சில விற்றோம். அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கும்போது இவ்வளவு சின்னதா என்று தோன்றும். சின்னதுதான். நம்முடையது.

ரயில் பெட்டிப் பிரிவு என்ன ஆனது? 1964-இல் பாரத் எர்த் மூவர்ஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. இன்று பெமல் என்கிறோம். பெங்களூரு மெட்ரோவின் முதல் ரயில்கள் அங்கே உருவானவை. படுக்கை வசதியுள்ள வந்தே பாரத் ரயிலின் முதல் வண்டியையும் 2024-இல் அங்கேதான் செய்து காட்டினார்கள். போருக்குப் பின் பிழைப்புக்காகத் தொடங்கிய வேலை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

நம் அப்துல் கலாம் ஐயாவும் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துவிட்டு முதலில் போனது இந்த எச்.ஏ.எல்.-க்குத்தான், பயிற்சியாளராக. பிஸ்டன் எஞ்சின், டர்பைன் எஞ்சின் இரண்டையும் பிரித்துச் செப்பனிடும் குழுவில் வேலை பார்த்தார். ராக்கெட்டுக்கு முன்னால் கிரீஸ் ஒட்டிய கை அது.

நம் ஊருக்காக ஒரு செய்தி. 1960-களில் பிரான்சு நாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு எச்.ஏ.எல். ஹெலிகாப்டர் செய்யத் தொடங்கியது. அங்கே அதற்கு அலுவெத் என்று பெயர். வானம்பாடி என்று பொருள். இங்கே வந்து சேத்தக் ஆனது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். வெள்ளத்தில் தவிப்பவர்களை மீட்கவும் மலையில் காயம்பட்ட வீரர்களைத் தூக்கி வரவும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்தது. அடுத்தவர் வரைபடத்தைப் பார்த்துச் செய்வதும் ஒரு படிப்புதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் போதாது என்பதற்கும் இதே அருங்காட்சியகத்தில் சாட்சி நிற்கிறது.

அதன் பெயர் மாருத். குர்ட் டாங்க் என்ற புகழ்பெற்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர் 1956-இல் பெங்களூரு வந்து, நம் பொறியாளர்களோடு சேர்ந்து வடிவமைத்த போர் விமானம். 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் போக வேண்டும் என்பது திட்டம். அழகான உடல், உறுதியான கட்டுமானம். இல்லாதது ஒன்றே ஒன்று: தகுந்த எஞ்சின். எதிர்பார்த்த ஆங்கிலேய எஞ்சினை அவர்கள் பாதியில் கைவிட்டார்கள். அதை முடித்துத் தரத் தேவைப்பட்ட பணத்தை நம் அரசு கொடுக்கவில்லை. ஆர்ஃபியஸ் என்ற சிறிய எஞ்சின் இரண்டைப் பொருத்தினார்கள். ஒலியின் வேகத்தைத் தொடவே மாருத் திணறியது.

பிறகு அந்த எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் முயற்சி நடந்தது. அந்தச் சோதனை விமானத்தை ஓட்டியவரும் சுரஞ்சன் தாஸ்தான். 1970 ஜனவரி 10 அன்று, கிளம்பிய உடனே விமானம் விழுந்து அவர் இறந்தார். ஆட்டோவில் நான் கடந்து வந்த சாலையின் பெயர் அதுதான்.

அப்படியிருந்தும் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் மாருத் நன்றாகவே போரிட்டது. மொத்தம் 147 விமானங்கள் செய்தார்கள். 1990-இல் கடைசியாக ஓய்வு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நாமே வடிவமைத்த அடுத்த போர் விமானமான தேஜஸ் பறந்தது 2001 ஜனவரி 4 அன்று. 1961-க்கும் 2001-க்கும் இடையே 40 ஆண்டுகள்! மாருத் வரைந்தவர்களும் அதைச் செய்தவர்களும் அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். பலவற்றை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தேஜஸுக்காக நாம் செய்யத் தொடங்கிய எஞ்சினுக்குக் காவேரி என்று பெயர் வைத்தார்கள். அது எதிர்பார்த்த பலத்தை எட்டவில்லை. இன்றும் தேஜஸில் இருப்பது அமெரிக்க எஞ்சின்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1945-இல் விமானம் இல்லாதபோது ரயில் பெட்டி செய்தாவது கைகளைக் காப்பாற்றினார்கள். ஆறே ஆண்டில் சொந்த விமானம் பறந்தது. மாருத்துக்குப் பிறகு வடிவமைக்கும் கைகளைக் காப்பாற்றவில்லை. 40 ஆண்டுகள் போயின. கட்டடமும் இயந்திரமும் காத்திருக்கும். கைத்திறன் காத்திருக்காது. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. புத்தகத்தில் எழுதிவைத்தால் பாதிதான் போய்ச் சேரும். ஆசிரியராக இருந்தவள், எனக்கு இது தெரியும்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? ஒவ்வொரு ஜூன் மாதமும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது. பையன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறேன் என்றால் உறவில் சொல்லக் கூசுகிறோம். பெண் வெல்டிங் கற்கப் போகிறேன் என்றால் அதிர்ச்சி அடைகிறோம். நம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கும் என் மாணவர்கள் பலர் தெருவில் என்னைப் பார்த்தால், "ஏதோ ஒரு கம்பெனியில இருக்கேன் டீச்சர்" என்று தலை குனிந்து சொல்கிறார்கள். கண்ணுகளா, தலை நிமிர்ந்து சொல்லுங்கள். ஒரு தலைமயிர் அளவைவிட நுணுக்கமாக இரும்பைச் சீவத் தெரிந்தவர் இல்லாமல் எந்த நாட்டிலும் எஞ்சின் பிறக்காது. உங்களிடம் இருப்பதை ஒரு இளையவருக்காவது பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள்.

பெங்களூருவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. அடுத்த முறை போகும்போது பேரப்பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். விமானத்தின் முன்னால் படம் எடுத்த பிறகு, புகைப்படக் கூடத்திலும் அரை மணி நேரம் நில்லுங்கள்.

உங்களிலோ உங்கள் வீட்டுப் பெரியவர்களிலோ யாராவது எச்.ஏ.எல்., பெமல், பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற இடங்களில் வேலை பார்த்திருந்தால், என்ன வேலை, யாரிடம் கற்றீர்கள் என்று கீழே எழுதுங்கள். தமிழில் தட்டச்சு வராதவர்கள் குரலில் பேசி அனுப்புங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் டீச்சர்
மேட்டுப்பாளையம், புதுச்சேரி