முதல் பிள்ளை சிசேரியன், அடுத்தது?

எங்கள் லால்பேட்டையில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம் ஆபரேஷனில் ஆகிவிட்டால், அடுத்ததும் கத்திதான் என்று குடும்பமே முடிவு கட்டிவிடும். இந்த வாக்கின் மூலத்தைத் தேடிப் போனால் 1916-ல் நியூயார்க்கில் போய் நிற்கிறது.

அந்த ஆண்டு எட்வின் கிரேகின் என்ற பிரசவ மருத்துவர், ஒருமுறை சிசேரியன் என்றால் பிறகு எப்போதும் சிசேரியன்தான் என்ற பொருளில் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அவர் சொல்ல வந்தது வேறு. அவசியமில்லாமல் முதல் ஆபரேஷனைச் செய்யாதீர்கள், அதன் பாரம் அடுத்தடுத்த பிரசவங்களுக்கும் தொடரும் என்பது சக டாக்டர்களுக்கு அவர் விட்ட எச்சரிக்கை. விதிவிலக்கு உண்டு என்றும் எழுதியிருந்தார். எச்சரிக்கை மறந்துபோய், வாக்கு மட்டும் நிலைத்துவிட்டது.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அக்காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டுவார்கள். பிரசவ வலியில் சுருங்கி இறுகுவது அந்தத் தசைதான். அங்குள்ள தழும்பு அடுத்த பிரசவத்தில் பிளந்துகொள்ளும், சில சமயம் வலி தொடங்கும் முன்பே. 1882-ல் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர் கர்ப்பப்பைச் சுவரை முறையாகத் தைக்கும் வழியைக் காட்டும்வரை, அதைத் தைக்காமலே விடுகிற வழக்கமும் இருந்தது! 1920-களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர், அடிப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். அந்த இடம் அதிகம் சுருங்காது, நன்றாக ஆறும். இன்று பெரும்பாலும் இதுதான்.

குறுக்கு வெட்டு உள்ளவர் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் தழும்பு பிளப்பது சுமார் 200 பேரில் ஒருவருக்கு. பழைய நெடுக்கு வெட்டில் 100-க்கு 4 முதல் 9 வரை. மருந்து வைத்து வலி வரவழைத்தால் ஆபத்து கூடும். 2001-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தானாக வலி வந்தவர்களில் 1000-க்கு 5 பேருக்குப் பிளந்தது, புரோஸ்டாகிளாண்டின் மருந்து வைத்தவர்களில் 24 பேருக்கு.

வயிற்றுத் தோலில் உள்ள தழும்பைப் பார்த்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டில்தான் அது இருக்கும். நம் வீடுகளில் நிலப்பத்திரம் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கும், இந்தச் சீட்டு மளிகை பில்லோடு போய்விடும்!

ஒவ்வொரு தடவையும் ஆபரேஷனே செய்துகொண்டால் கவலையில்லையா என்றால், அதுவும் இல்லை. தழும்பு கூடக்கூட நஞ்சுக்கொடி அதில் வேரோடிப் பிரியாமல், ரத்தம் பெருகும் ஆபத்து ஏறுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. கிரேகினின் எச்சரிக்கை யாருக்கென்று இப்போது புரிகிறது.

தழும்பு பிளந்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கலாம், வெளியே அதிகம் தெரியாது. விட்டுவிட்டு வரும் வலிக்கு இடையிலும் விடாத வலி, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குவது, இவைதான் அடையாளம். அப்போது சில நிமிடங்களில் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் வேண்டும். இங்கிருந்து சிதம்பரம் போகவே 20 கிலோமீட்டருக்கு மேல். "வலி நெருங்கட்டும், பார்க்கலாம்" என்று மூத்தவர்கள் சொல்வது மற்றப் பெண்களுக்குச் சரியாக இருக்கலாம். தழும்பு உள்ள பெண்ணை முதல் வலியிலேயே வண்டி ஏற்றிவிடுங்கள், சீட்டையும் கையில் கொடுத்து.