கடல் கடந்த திருமுறை இசை

கொங்கு நாட்டுப் போத்தனூர்க்கு அணித்தாயுள்ள பேரூர், சுந்தரமூர்த்தி சுவாமிகள் தமது தில்லைப் பதிகத்தில் நினைந்து போற்றிய பதியாம். மார்கழித் திங்களின் வைகறையில் அத்திருக்கோயிலிலும் பிற சிவாலயங்களிலும் மணிவாசகப் பெருமானது திருவெம்பாவை ஓதப்பெறுவதைத் தமிழ் மக்கள் யாவரும் அறிவர். அத்திருப்பாட்டு, தமிழில் ஒரு சொல்லும் வழங்காத சயாம் நாட்டுத் தலைநகரிலும் ஏறக்குறைய அதே பருவத்தில் வழிவழியாக ஓதப்பட்டு வருகின்றது என்பதோ பலர் அறியாத செய்தி. தமிழர் கடல் கடந்து சென்றவிடத்தெல்லாம் அவரது இசையும் உடன் சென்றது. சென்றவிடத்து அஃது எந்நிலையில் வாழ்ந்தது, அதனுள் எது நின்றது, எது கழிந்தது என்பது சைவர்கள் ஊன்றி நோக்கற்பாலது.

திருமுறையில் இசை வேறு, பொருள் வேறு என்று பிரித்தல் இல்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் அமைத்து, ஆளொன்றுக்கு நாடோறும் முக்குறுணி நெல் அளித்தான். அக்கல்வெட்டு ‘விண்ணப்பஞ் செய்தல்’ என்று கூறுதல் கருதத்தக்கது. விண்ணப்பஞ் செய்வோன் தான் கேட்பது இன்னதென அறிந்தே செய்வான் அன்றோ?

இனிச் சயாமினை நோக்குவாம். இந்நாளில் தாய்லாந்து எனப்படும் அந்நாட்டின் பாங்காக் நகரில், முதலாம் இராமன் என்னும் அரசன் 1784-ஆம் ஆண்டில் அந்தணர்க்கெனத் தேவஸ்தானம் ஒன்றை எடுப்பித்து, அதன் முன்னர் வானளாவிய ஊசல் ஒன்றையும் நிறுவினான். அரசவை அந்தணர்கள் அங்கு ஆண்டுதோறும் எடுக்கும் விழாவின் பெயர் ‘திரியம்பாவாய்’. சிவபெருமான் பத்து நாளும், பின்னர்த் திருமால் ஐந்து நாளும் நிலவுலகிற்கு எழுந்தருள்வர் என்பது அவ்விழாவின் கருத்து. திருமாலுக்குரிய பகுதி ‘திரிபாவாய்’ எனப்படும். இவை திருவெம்பாவை, திருப்பாவை என்னும் நூற்பெயர்களின் திரிபே என்பது தமிழறிவார்க்கு விளக்கமின்றியே புலனாம். தனிநாயக அடிகளும் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரும் இதனைத் தமிழுலகிற்கு எடுத்துரைத்தனர்.

அவ்வந்தணர் கைக்கொண்ட ஏடுகள் கிரந்தத்தின் வழிவந்த எழுத்தால் அமைந்தவை. பாடல் அவ்வெழுத்திற் புகுந்து, பின் சயாமியர் நாவிற்கேற்ப ஒலி திரிந்து, சொற்கள் ஒன்றோடொன்று கலந்து, ஓதுவோர்க்கே பொருள் விளங்கா மந்திரமாய் நின்றுவிட்டது. ஆயினும் ஓதுவது ஒழியவில்லை! ஊசலில் ஆடுவார் உயரக் கட்டிய பொற்கிழியைப் பல்லாற் கவ்வும் ஆரவார நிகழ்ச்சி 1935-ஆம் ஆண்டோடு நின்றது. பழுதுற்ற ஊசலை அகற்றிப் புதிய தேக்குமரங்களால் 2007-இல் அமைத்தனர், ஆடுவாரில்லை. திருவிழாக் கூட்டம் கலைந்தும், கோயிலினுள் நிகழும் ஓதுதல் நிலைபெற்றுள்ளது. குலவழிக் கடமையாக ஏற்றோர் இருந்தமையே இதற்குக் காரணம். பொருளைக் காத்தற்கு அக்கடமை மட்டும் போதியதாயில்லை.

நேட்டால் நாட்டுச் செய்தி இதனின் வேறுபட்டது. சென்னையினின்று மேல்கடற்கரைப் பேப்பூரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை போத்தனூர் வழியாக முற்றுப்பெற்றது 1862-ஆம் ஆண்டில். அதற்கு ஈராண்டு முன்னரே, 1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னைத் துறையினின்று புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் டர்பனை அடைந்தது. 1911 வரை இந்தியாவினின்று அவ்வாறு சென்றோர் 1,52,184 பேர். சயாமிற்குச் சென்றவர் அரசர் மதித்த அந்தணர். இவரோ கரும்புக் கொல்லையில் உழைத்த ஏழை மக்கள். இவர்க்கு மானியம் அளித்த மன்னன் எவனும் இலன். ஆயினும் தம் கையாலேயே கோயில் எடுத்தனர். தைப்பூசத்திற் காவடி சுமந்து பாடினர். இரவில் தெருக்கூத்தும் ஆடினர். அக்கூத்து அந்நாட்டில் ‘ஆறடி நடனம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் இன்றும் அறியப்படுகின்றது.

தலைமுறைகள் சில கழிந்தபின் வீட்டு மொழி ஆங்கிலமாயிற்று. பாட்டு மட்டும் விடப்படவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சங்கங்கள் சிறுவர்க்கு இசைப்போட்டிகள் நடத்துகின்றன. அவற்றிற்கு வழங்கும் பெயர் ‘ஐஸ்டெட்ஃபாட்’ என்னும் வேல்சு நாட்டுச் சொல் என்பது ஒரு விந்தை. வேல்சு மக்களும் தம் மொழி நலியாது காத்தற்குப் பாட்டு விழாவையே அரணாகக் கொண்டவராதலின், அப்பெயர் பொருந்தாது என்பதற்கும் இல்லை. அங்குத் தமிழறியாச் சிறார் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகின்றனர். கிரந்த ஏட்டில் நிகழ்ந்ததே ஈண்டு மீண்டும் நிகழ்கின்றது. அச்சிறாரைக் குறைகூறுதல் தகாது. தாய்நாட்டிலிருந்து அவர்க்கு ஓதுவாரை அனுப்பாது நெடுங்காலம் வாளாவிருந்தோர் மீதே குறை உளது.

கொங்கு நாட்டினின்றே கடல் கடந்து ஒலித்த குரலொன்று உண்டு. மூவர் பாடலும் பெற்ற திருப்பாண்டிக்கொடுமுடியில் 1908-இற் பிறந்த சுந்தராம்பாள் அம்மையார், இளமையில் வறுமையால் புகைவண்டியிற் பாடினார் என்ப. நாடக மேடையில் ஏறியபின், 1927-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கை சென்று கொழும்பிற் பாடினார். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவர் இணைந்ததும் ஆண்டே. வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் முருகன் புகழ்ப் பாடல்களை அவர் பாடக் கேட்டோர் சொல்லறியா அயலார் அல்லர், தாய்த்தமிழ் பேசுவோர். அம்மையாரின் பெருஞ்சிறப்பும் சொல் திருத்தமே. எத்துணை உச்சத்திற் குரல் ஏறினும் ஓர் எழுத்தும் மழுங்காது. நாடக மேடைப் பாட்டைத் திருமுறையோடு ஒப்பவைத்தல் ஆகாது எனச் சைவர் சிலர் கருதலாம், அது மெய்யே. எனினும், சொல்லை விழுங்கிப் பாடப்படும் பதிகத்தினும், சொல் விளங்கப் பாடப்படும் மேடைப்பாட்டுக் கேட்போரைத் தெய்வத்தின்பால் விரைந்து செலுத்தும் என்பதனை அக்காலத்துத் திரண்ட கூட்டம் காட்டிற்று. 1933-இல் கிட்டப்பா மறைந்தபின் வெண்டுகில் உடுத்து, ஆடவரோடு இணைந்து நடித்தலை நீத்தார். 1935-இல் வெளிவந்த திரைப்படத்தில் திருநாளைப்போவாராக நடித்தவர் இவரே.

இக்காலத்தில் மேடைகள் பெருகியுள்ளன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978 முதல் தியாகராசர் ஆராதனை நடைபெறுகின்றது; ஆங்கு இளைஞர்க்குப் போட்டிகளும் உள. 1983-இன் பின் ஈழத்தினின்று பெயர்ந்த சைவ மக்கள் இலண்டனிலும் தொரந்தோவிலும் ஆலயங்கள் அமைத்து, அவற்றிற் பண்ணிசை வகுப்புக்களும் நடத்துகின்றனர். இவற்றுள் ஆலயத்தை ஒட்டிய வகுப்புக்களே திருமுறைக்கு உற்ற இடம் என்பது வெளிப்படை. விழா மேடையில் ஒருநாள் பாடிய பதிகம் மறுநாள் மறக்கப்படும். கால பூசையில் நாடோறும் பாடியதோ நாவில் ஊறும். ஆயினும் சயாமில் நேர்ந்தது அவ்வாலயங்களிலும் நேராதிருத்தல் வேண்டின், ஓதுவார் பாடத்தொடங்குமுன் பதிகத்தின் முதற் பாட்டிற்கேனும் அந்நாட்டுச் சிறார் அறிந்த மொழியிற் பொருள் உரைத்தல் வேண்டும். அதற்கு வேண்டுவது சில நிமிடங்களே. பண்ணின் பெயரையும், பாடியருளியவர் யார், எவ்வூர்க்கண் பாடினார் என்பதனையும் அதனோடு கூறின், அவிநாசியும் கொடுமுடியும் திருமுருகன்பூண்டியும் கண்டறியாத குழந்தைக்கும் அப்பதிகம் ஓர் ஊரினின்று வந்ததாகத் தோன்றும்.