களஞ்சியசாலைப் பாரந்தூக்கிகளும் எரிசக்திச் சிக்கனமும்

துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் முதல் மொத்த வியாபாரியின் மாமூடைகள் வரை, 'போர்க்லிப்ட்' எனப்படும் பாரந்தூக்கி வண்டியின் உதவியின்றி இடம்பெயரும் சரக்கு இன்று குறைவு. வீதி வாகனங்களின் புகையைப் பற்றி அடிக்கடி பேசும் நாம், நான்கு சுவர்களுக்குள் நாள் முழுதும் ஓடும் இவ்வண்டிகளின் புகையைப் பற்றிச் சிந்திப்பதில்லை.

டீசல் இயந்திரப் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழுள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது. வாயுவில் இயங்கும் வண்டிகள் புகையைக் குறைவாகக் கக்கினும், நிறமோ மணமோ அற்ற காபனோரொட்சைட்டை வெளியிடுகின்றன. காற்றோட்டமற்ற களஞ்சியத்தில் இது உயிராபத்தானது. ஆகவே, எரிசக்திக் கணக்கு தொழிலாளியின் மூச்சிலிருந்தே ஆரம்பமாக வேண்டும்.

ஒரு தொன் பாரத்தை மூன்று மீற்றர் உயர்த்துவதற்குத் தேவையான சக்தி சுமார் 8 வாற்-மணி மாத்திரமே. ஒரு லீற்றர் டீசலில் அடங்கியுள்ள சக்தியோ ஏறத்தாழ 10,000 வாற்-மணி. கணிதப்படி ஆயிரம் தடவைக்கு மேல் தூக்கலாம். நடைமுறையில், ஒரு மணித்தியாலத்திலேயே சில லீற்றர்கள் தீர்ந்துவிடுகின்றன. இயந்திரம் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கின்றது. மிகுதியிலும் ஒரு பங்கு, முன்புறம் கவிழாதிருக்க எதிரெடை சுமக்கும் வண்டியின் சொந்தப் பாரத்தை நகர்த்துவதிலேயே செலவாகின்றது. எரிக்கப்படும் ஒவ்வொரு லீற்றரும் சுமார் 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டை வளியில் சேர்க்கின்றது.

மின் வண்டி ஓடுமிடத்தில் புகை விடுவதில்லை. நிற்கும்போது சக்தியை விரயமாக்குவதுமில்லை. அதன் பாரமான ஈய-அமிலப் பற்றரியே எதிரெடையாகவும் பயன்படுகின்றது. ஆயினும் எட்டு மணித்தியால வேலைக்குப் பின் அதற்கு ஏறத்தாழ அதேயளவு நேர மின்னேற்றமும், பின்னர் ஆறுவதற்கு அவகாசமும் தேவை. மின்னேற்றும்போது வெளிவரும் ஐதரசன் தீப்பற்றக்கூடியதாகையால் காற்றோட்டமும் அவசியம். லிதியம் பற்றரி விலை கூடியதெனினும் குறைந்த இழப்புடன் விரைவாக மின்னேறும். உணவு இடைவேளையே அதற்குப் போதுமானது.

எனினும் புகைபோக்கியை களஞ்சியத்திலிருந்து மின்நிலையத்துக்கு இடம்மாற்றுவது மட்டும் தீர்வாகாது. முற்றிலும் நிலக்கரியில் பிறந்த மின்சாரமாயின் காபனீரொட்சைட்டுக் கணக்கில் பெரிய இலாபமில்லை. நம் நாட்டு மின்சாரம் நீர், நிலக்கரி, எண்ணெய், சூரியஒளி, காற்று ஆகியவற்றின் கலவை. வேலை முடிந்ததும் மாலை 6.30 மணியளவில் வண்டிகளை மின்னேற்ற நிறுத்துவது, மின்கேள்வி உச்சமடையும் நேரத்தில் சுமையைக் கூட்டுவதாகும். மறுபுறம், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைமேல் சூரிய மின்னுற்பத்தியை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கோர நேர்ந்தது. நண்பகலில் மிகும் இம்மின்சாரத்தைப் பகலில் மின்னேற்றும் வண்டிகள் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

கலிபோர்னிய மாநிலம் வாயு, பெற்றோல் பாரந்தூக்கிகளைப் படிப்படியாக நீக்கும் விதிக்கு 2024 ஜூனில் அங்கீகாரமளித்தது. நம்மவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடிக்கடி எடுக்கும் சரக்கை வாயிலருகே அடுக்குதல், தரையைச் செப்பனிடுதல், நிற்கும் வண்டியின் இயந்திரத்தை நிறுத்துதல் ஆகியவற்றுக்குப் பெருமுதல் தேவையில்லை. புதிய வண்டி வாங்கும்போது விலைப்பட்டியலுடன் எரிபொருட் செலவையும், அதனருகே உழைப்பவரின் நுரையீரலையும் சேர்த்து எண்ணுவதே உண்மையான சிக்கனமாகும்.