450 காலிபர் தடை

.450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்பது லண்டனைச் சேர்ந்த ஜான் ரிக்பி நிறுவனம் 1898இல் அறிமுகப்படுத்திய பெருவேட்டைத் தோட்டா. கார்டைட் மருந்தும் சுமார் 31 கிராம் எடையுள்ள குண்டும் கொண்ட இது, இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் பயன்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசு இந்தக் காலிபரைத் தடை செய்தது. விலங்குகள் மீதான இரக்கம் இதற்குக் காரணமல்ல. தோட்டாவைக் கையால் மீண்டும் நிரப்ப முடியும் என்பதே காரணம். சுட்டபின் எஞ்சும் பித்தளை உறையில் புதிய கேப், மருந்து, குண்டு வைத்தால் மறுபடி சுடலாம். 1871இல் படைக்கு வந்த மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கியின் குண்டும் ஏறத்தாழ இதே பருமன். எனவே வேட்டைத் தோட்டாக்களைப் பிரித்துக் கிளர்ச்சியாளர்கள் தங்கள் மார்ட்டினிக்கு நிரப்பிக்கொள்வார்கள் என அரசு அஞ்சியது.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. ஜோசப் லாங் .470ஐயும், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .500/465ஐயும் கொண்டுவந்தன. அவற்றின் திறன் ஏறக்குறைய பழையதே, எண்தான் மாறியது. சேலம், தருமபுரிக் காடுகளில் வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்ததோ அமெரிக்காவின் .405 வின்செஸ்டர்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் இத்துப்பாக்கிகளுக்கு வேலையில்லை. வெளிநாட்டு ஆர்வலர்கள் இன்றும் இவற்றுக்குக் கையால் தோட்டா நிரப்புகிறார்கள். இரு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கே இணைக்கப்பட்டவை. .470க்கு அது வினாடிக்குச் சுமார் 650 மீட்டர். மருந்தின் அளவு சற்றே பிசகினாலும் இரண்டு குண்டுகளும் வெவ்வேறு இடங்களில் படும்.