இன்டர்நேஷனல் ஹவுஸ்

நியூயார்க்கில் பிறநாட்டு மாணவர்களும் அமெரிக்க மாணவர்களும் கலந்து தங்குவதற்காக 1924இல் திறக்கப்பட்ட விடுதி. நிறுவியவர் ஹாரி எட்மண்ட்ஸ் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர். 1909இல் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிகளில் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்கு அவர் போகிற போக்கில் காலை வணக்கம் சொன்னார். ஊருக்கு வந்து மூன்று வாரமாகியும் தன்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றாராம் அந்த மாணவர். நிறுவனங்கள் தம் தொடக்கம் பற்றிச் சொல்லும் கதைகள் பெரும்பாலும் மெருகேறியவை. ஆனால் இதன் விளைவு கண்கூடு. எட்மண்ட்ஸும் மனைவி ஃபுளோரன்ஸும் ஞாயிறுதோறும் வெளிநாட்டு மாணவர்களை வீட்டுக்கு அழைத்து விருந்திட்டார்கள். கூட்டம் பெருகியது, காஸ்மோபாலிட்டன் கிளப் உருவானது. பிறகு, இளைய ஜான் டி. ராக்ஃபெல்லரின் பொருளுதவியில் ரிவர்சைடு டிரைவில் விடுதி எழுந்தது.

அடுத்து பெர்க்லியில் எழுந்த இரண்டாவது விடுதியின் (1930) வேலை எளிதாக முடியவில்லை. பல இனத்தவரும், அதிலும் ஆணும் பெண்ணும், ஒரே கட்டடத்தில் வசிப்பதா என்று உள்ளூரார் பலர் திரண்டு எதிர்த்தனர். வெளிநாட்டாரையும் கறுப்பினத்தவரையும் சேர்க்காத மாணவர் சங்க இல்லங்கள் நிறைந்த பீட்மான்ட் அவென்யூவையே எட்மண்ட்ஸ் வேண்டுமென்று தேர்ந்தெடுத்திருந்தார். கறுப்பினப் பத்திரிகையாளர் டெலைலா பீஸ்லி திட்டத்தை ஆதரித்து வாதாடினார். சிகாகோவில் 1932இல் மூன்றாவது விடுதி வந்தது.

இதே காலத்தில், 1925இல், பாரிஸில் தொடங்கிய சித்தே யூனிவெர்சித்தேர் என்ற மாணவர் குடியிருப்பு வளாகத்தின் ஏற்பாடு வேறு. அங்கே நாடுகள் தனித்தனி இல்லம் கட்டிக்கொண்டன. இந்தியாவுக்கும் ஒன்று உண்டு.