சில்லின் உயரம்

"கொம்பனி அளவு போடுறதோ, ஒரு சைஸ் கூட்டிப் போடுறதோ?" வன்னியில் ஜீப் வைத்திருக்கிற ஆக்கள் ரயர் தேய்ந்தவுடன் கேட்கிற கேள்வி இது. பார்த்தால் வெறும் கடைக் கேள்வி. ஆனால் எங்கட வீதிகளின் கதை முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதலில் கணக்கு. ரயரில் 265/70 ஆர் 16 என்று இருந்தால், அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 வீதம், றிம் 16 அங்குலம். மொத்த உயரம் ஏறக்குறைய 77.7 சென்ரிமீற்றர். 265/75 போட்டால் 80.4. வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்றரை வீதம். மூன்று வீதத்தைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள்; இது அதைச் சற்றுத் தாண்டுகிறது. மீற்றர் 60 காட்டும்போது வண்டி 62இல் ஓடும். இழுவை கொஞ்சம் குறையும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்கார்ட்டில் உரசவும் கூடும். ஃபோர் வீல் வண்டி என்றால் நாலு சில்லும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் வண்டியின் வயிறு உயர்வது 1.3 சென்ரிமீற்றர் மட்டும்தான்.

இந்த 1.3 சென்ரிமீற்றருக்காக ஏன் இத்தனை பாடு?

மாட்டுவண்டிலின் மரச்சில்லைப் பாருங்கோ, ஆள் நெஞ்சளவுக்கு நிற்கும். சின்னச் சில்லு விழுந்துவிடுகிற பள்ளத்தைப் பெரிய சில்லு கடந்து போய்விடும். மாரியில் வயலும் வீதியும் ஒன்றாகிப் போகிற மண்ணில் அது தேவையாக இருந்தது. பிறகு ரயர் வண்டில் வந்தது. 1950களுக்குப் பிறகு குடியேற்றத் திட்டங்களில் வயல்கள் பெருகப் பெருக, உயரமான பின்சில்லோடு உழவு இயந்திரம் வந்தது. சேற்று வயலில் இறக்க அதற்கும் இரும்புச் சில்லு பூட்டினார்கள். எல்லாக் காலத்திலும் மண்தான் அளவைத் தீர்மானித்தது.

1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் அளவைத் தீர்மானித்தது அரசின் தடைப்பட்டியல். எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம், வாகன உதிரிப்பாகம், சைக்கிள் ரயர் ரியூப் எல்லாமே தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்து ஓட்டினார்கள். சைஸ் தெரிவு செய்கிற பேச்சுக்கே இடமில்லை, கிடைச்சதுதான் அளவு. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து கனபேர் வன்னிக்கு வந்தார்கள். 1996இல் கிளிநொச்சியை இராணுவம் பிடிக்க, சனம் மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று உள்ளுக்குப் போனது. 1997 மே 13இல் ஜயசிக்குறு நடவடிக்கை ஏ9 வீதியைப் பிடிக்கவே தொடங்கியது. பெருவீதி போர்முனையாக, மிஞ்சியது கிரவல் ரோட்டும் காட்டுப் பாதையும்.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்தம், ஏப்ரல் 8இல் ஏ9 திறப்பு. புது ரயர் வந்தது. தொண்டு நிறுவனங்களின் உயரமான வெள்ளை ஜீப்புகளும் வந்தன. 2006 ஓகஸ்ட் 11இல் பாதை மறுபடியும் மூடியது. 2008இல் மன்னார்ப் பக்கமிருந்து தொடங்கிய நடையில் கூரைத் தகரம், நெல் மூட்டை, வயது போன ஆக்கள் எல்லாவற்றையும் சுமந்தது உழவு இயந்திரப் பெட்டிதான். அந்த நவம்பரில் வெள்ளமும் வந்தது. சேற்றைத் தாண்டிய சில்லுகள் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நின்றுபோயின.

போருக்குப் பிறகு சீனக் கடனில் ஏ9 காப்பெற் ஆனது. அதில் மட்டும் ஓடுகிறவருக்குக் கொம்பனி அளவே போதும். ஆனால் பெருவீதியை விட்டு உள்ளே திரும்பினால் இன்னும் பல இடங்களில் கிரவலும் குளக்கட்டும்தான். 2020இல் வாகன இறக்குமதி நின்று, ரயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தபோது, பழைய ஜீப்பை வைத்தே சமாளிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு சைஸ் கூட்டுவதில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கைப் பார்த்துச் செய்யட்டும்.

எங்களுக்கு உறுத்துவது வேறு விசயம். வீதி செய்ய வேண்டிய வேலையை ரயர் செய்கிறது, அதுக்கான காசையும் வீட்டுக்காரர்தான் கட்டுகிறார். ஜீப் இல்லாதவர் என்ன செய்வது? முச்சக்கரவண்டியின் றிம் 8 அங்குலம், அதில் பெரிய ரயர் போட இடமே இல்லை. பிள்ளைத்தாச்சியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவது அந்தச் சில்லுதான். பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிளுக்கும் அதே நிலைதான்.

உங்கட ஊர் உள்வீதி கடைசியாக எந்த வருடம் திருத்தப்பட்டது? அடுத்த மாரிக்கு முதல் பிரதேச சபையில் போய்க் கேட்டுப் பாருங்கோ. நாங்களும் கேட்கிறோம்.